தாத்தாவின் ரெக்கார்டு பெட்டி யாருக்கு?

மணி சித்தப்பா: திங்கட்கிழமை பெயின்ட் அடிக்க ஆள் வருகிறார்கள். பரண்மேல் இருந்ததை எல்லாம் இறக்கியாச்சு. தாத்தாவின் ரெக்கார்டு பெட்டி யாருக்கு வேண்டும்? ஞாயிறுக்குள் சொல்லவும்.

ராணி அத்தை: என் தையல் மெஷின்?

விமலா சித்தி: அதைப் போன தீபாவளிக்கே எடுத்துப் போய்விட்டீர்களே அண்ணி

ராணி அத்தை: தலை மட்டும்தான். ஸ்டாண்டு அங்கே.

பிரபு: பழைய பேப்பர்காரர் பெட்டியைப் பார்த்தார். மொத்தமாக ஒரு விலை சொல்கிறார்

சுதா: பிரபு, தயவுசெய்து கொடுத்துவிடாதே! அதில் எவர்லி பிரதர்ஸ் என்ற அமெரிக்க அண்ணன் தம்பி பாடகர்களின் ‘ரூட்ஸ்’ இருக்கிறது, 1968இல் வந்த எல்பி இசைத்தட்டு. தாத்தாவோடு கோலார் சுரங்கத்தில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர் ஆஸ்திரேலியா போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. மற்ற எதை விட்டாலும் அதை விடக் கூடாது.

பிரபு: அதில் என்ன ஹிட்?

சுதா: ஒன்றும் இல்லை. வந்தபோது விற்கவும் இல்லை. அவர்களுடைய பெரிய ஹிட்டெல்லாம் 1957க்கும் 62க்கும் நடுவில். பீட்டில்ஸே இவர்களுடைய இரட்டைக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான், ஆனால் பீட்டில்ஸ் வந்தபிறகு அமெரிக்காவில் இவர்களைக் கேட்க ஆள் குறைந்துவிட்டது. அந்த நேரத்தில் லென்னி வாரன்கர் என்ற தயாரிப்பாளர் இவர்களைச் சின்ன வயதில் பாடிய கன்ட்ரி, அதாவது அமெரிக்க நாட்டுப்புறப் பாணி பாட்டுகளின் பக்கம் திருப்பினார், ஆனால் பழைய மாதிரி அப்படியே இல்லை, 68ஆம் வருஷத்து ராக் ஒலியோடு. கன்ட்ரி ராக் உருவாகிக்கொண்டிருந்த வருஷம் அது. இன்றைக்கு அந்த வகையின் முதல் நல்ல தட்டுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை விட்டுவிட்டுப் பேசுவதில்லை.

விமலா சித்தி: சாப்பிட்டாயா சுதா?

சுதா: சாப்பிட்டேன் சித்தி. தட்டு ஆரம்பிப்பதே பாட்டில் இல்லை. 1952இல் அந்தக் குடும்பம் வானொலியில் நடத்திய நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு வரும், அப்போது அண்ணன் டானுக்கு 15 வயது, தம்பி பில்லுக்கு 13. அது முடிந்த கையோடு அதே பையன்கள் பெரிய ஆள்களாகி கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹாகார்டின் பாட்டைப் பாடுவார்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் தொண்டை அடைக்கும்.

அப்பா: அந்த இடத்தில் ஒரு கீறல் இருக்கும்.

மணி சித்தப்பா: கீறல் யார் போட்டது என்று எல்லாருக்கும் தெரியும்.

அப்பா: ஊசியை மாற்ற வேண்டாம் என்று சொன்னது யார் என்றும் தெரியும்.

ராணி அத்தை: ஆரம்பித்துவிடாதீர்கள் இரண்டு பேரும்

பிரபு: அழைப்புப் பத்திரிகை புரூஃப் அனுப்பியிருக்கிறேன், எல்லாரும் பாருங்கள்

விமலா சித்தி: பெரியப்பா பெயர்தானே முதலில்?

பிரபு: ஆமாம் அம்மா

சுதா: தாத்தாவுக்கு அந்தத் தட்டு ஏன் அவ்வளவு பிடித்தது என்று நினைக்கிறீர்கள்? அவர்களுடைய அப்பா ஐக் எவர்லியும் சுரங்கத் தொழிலாளிதான், கென்டக்கியில் நிலக்கரிச் சுரங்கம். கட்டைவிரலால் கீழ்த் தந்தியையும் மற்ற விரல்களால் மெட்டையும் வாசிக்கிறவர். சுரங்கத்தை விட்டு கிட்டாரை நம்பி வெளியே வந்து பிள்ளைகளையும் பாட வைத்தார். தாத்தா அட்டையின் பின்பக்கத்தைப் படித்துக் காட்டுவார், ஞாபகம் இருக்கிறதா அத்தை?

ராணி அத்தை: அட்டையைத் தொட்டால் அடி விழும், அதுதான் ஞாபகம்

பிரபு: இரண்டு பேரில் யார் மேல் குரல்?

சுதா: சின்னவர் பில். டான் கீழே, மெட்டு பெரும்பாலும் அவரிடம். இரண்டு குரலும் கிட்டக் கிட்டவே ஓடும், ஒருவர் மூச்சு விடும் இடத்தில்தான் மற்றவரும் விடுவார். 1957இல் முதல் ஹிட்டின் மறுபக்கத்துக்காகத் தாங்களே எழுதிய ஒரு பாட்டை இதில் மறுபடி பாடியிருக்கிறார்கள், ரொம்ப மெதுவாக. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். முதலில் பாடினவர்கள் காதலில் அடிபட்ட பையன்கள். அப்புறம் பாடுகிறவர்களுக்கு வாழ்க்கையே அலுத்திருக்கிறது.

ராணி அத்தை: நம் வீட்டிலும் மணிதான் மேல் குரல். திருவிழா மேடையில் அண்ணனும் தம்பியும் பாடினால் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திக் கேட்பார்கள்.

பிரபு: எவர்லி பிரதர்ஸ் கடைசிவரை ஒன்றாகப் பாடினார்களா?

சுதா: இல்லை. 1973இல் கலிபோர்னியாவில் மேடையிலேயே பில் கிட்டாரை உடைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். பத்து வருஷம் பேச்சு இல்லை.

ராணி அத்தை: தகப்பன் சாவுக்கு?

சுதா: 1975. வந்தார்கள், சந்தித்தார்கள். அதற்குமேல் இல்லை. 1983இல்தான் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மறுபடி சேர்ந்து பாடினார்கள்.

விமலா சித்தி: பெருமாளே

பிரபு: 🙏

அப்பா: பிளேயர் என்னிடம் இருக்கிறது. பெல்ட் போய்விட்டது.

பிரபு: பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் பெரியப்பா. அளவு சொல்லுங்கள், வாங்கி வருகிறேன்

மணி சித்தப்பா: பிளேயர் அங்கே, தட்டு இங்கே.

அப்பா: கொண்டு வந்தால் போடலாம்.

ராணி அத்தை: யார் கொண்டு வருவது, யார் வீட்டுக்கு, அதைச் சொல்லுங்கள்

சுதா: அதுவரை நான் வந்து எடுத்து வைக்கட்டுமா?

விமலா சித்தி: உன் ஹாஸ்டலில் இடம் ஏது

மணி சித்தப்பா: பேப்பர்காரரிடம் வேண்டாம் என்று சொல்லியாச்சு. மற்றதை அப்புறம் பேசலாம். பத்திரிகையில் இனிஷியல் சரியா என்று எல்லாரும் இன்றைக்கே பாருங்கள், அச்சகத்தில் காத்திருக்கிறார்கள்.