1000 வரை பவர்ஃபுல் எண்கள்: 54க்குப் பதிலா 58 வருது

உப்புவெளிப் பெடியன்:
திருகோணமலையில எங்கட பள்ளிக்கூடக் கணித மன்றப் பலகைக்கு பவர்ஃபுல் எண்களின் அட்டவணை போடுறன். ஒரு எண்ணை எந்த முதன்மை எண் வகுத்தாலும் அதன்ர வர்க்கமும் வகுக்க வேணும்: 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36... 72 = 2³ × 3² சேரும். 12 சேராது, 3 ஒருதரம்தான் வருது. ஒவ்வொன்றாகக் காரணிப்படுத்தினால் 1000 வரை 54. க² × ச³ வடிவத்தில எண்ணினால் 58. ச-வை 1 தொடக்கம் 1000இன் கனமூலம் வரை ஓட்டி, √(1000/ச³) இன் முழு எண் பகுதிகளைக் கூட்டுறன். எங்க பிழை?

மூதூரான்:
தம்பி, சிலதை இரண்டு தரம் எண்ணுறீங்கள். 64ஐப் பாருங்கோ: 8² × 1³ உம் அதுதான், 1² × 4³ உம் அதுதான். ச-வுக்குள்ள எந்த முதன்மை எண்ணும் ஒருதரத்துக்கு மேல வரக்கூடாது. சுட்டி இரட்டையெண்டால் பாதி க-வுக்கு. ஒற்றையெண்டால் ச-வுக்கு அந்த முதன்மை எண் ஒண்டு, சுட்டியில 3 போக மிச்சத்தின் பாதி க-வுக்கு. வேற மாதிரிப் பிரிக்க ஏலாது. ஆகவே ச = 4, 8, 9ஐத் தூக்குங்கோ. 4 தந்த 64, 256, 576, 8 தந்த 512, 9 தந்த 729 எல்லாம் முன்னமே வந்தவை.

உப்புவெளிப் பெடியன்:
தூக்கினன் அண்ணை. இப்ப 53!

நிலாவெளி:
விட்டுப்போனது 1000தான். 2³ × 5³, அதாவது க = 1, ச = 10. பைதனில 1000 ** (1/3) அடிச்சுப் பாருங்கோ, 9.999999999999998 வரும். முழு எண்ணாக வெட்டினால் 9, லூப் 10ஐத் தொடாது. உங்கட 58, ஐந்து கூடி ஒண்டு குறைஞ்ச கணக்கு. 100 வரை மட்டும் சோதிச்சிருந்தால் இந்தப் பிழை பிடிபடாது, அங்க கனமூலம் 4.64.

கனமூலத்தையே விடுங்கோ. ச × ச × ச 1000ஐத் தாண்டாத வரை ஓட்டுங்கோ. பெரிய எண்களில வர்க்கமூலமும் இப்பிடித்தான் காலை வாரும்: முதல்ல ச³ஆல் முழு எண் வகுத்தல், பிறகு மாத் நூலகத்தின்ர முழு எண் வர்க்கமூலம் (பைதன் 3.8 தொடக்கம் இருக்கு). ச = 1, 2, 3, 5, 6, 7, 10க்கு முறையே 31, 11, 6, 2, 2, 1, 1. கூட்டினால் 54.

மூதூரான்:
அது என்ர கண்ணிலயும் படேல்லை. 10¹² வரை போறதெண்டாலும் ச 10,000 வரைதான். அந்தப் பட்டியலில 4, 9, 25 எண்டு 97² வரை முதன்மை வர்க்கங்களின் மடங்குகளை வெட்டினால் போதும், காரணிப்படுத்தத் தேவையில்லை. பலகையில 8, 9, 288, 289, 675, 676 ஆகிய மூன்று சோடிக்கும் வட்டம் போடுங்கோ. 1000க்குள்ள அடுத்தடுத்து வாறது அவ்வளவுதான்.