பி.எஃப். ஓய்வூதியம்: குறைந்தபட்சத் தொகையை உயர்த்தினால் போதுமா, உச்சவரம்பையே மாற்ற வேண்டுமா?

பல்லடம் மகள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தை கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் 2000 செப்டம்பரில் சேர்ந்து, 2024 ஆகஸ்டில் 58 வயது நிறைந்து ஓய்வு பெற்றார். கடைசி ஐந்தாண்டுகளில் அவருடைய அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய்க்குக் குறைந்ததே இல்லை. பணிக்காலம் 24 ஆண்டு. இருபது ஆண்டு முடித்தவர்களுக்கு உண்டான இரண்டு ஆண்டுச் சலுகையும் சேர்ந்தால் 26. எனவே பி.எஃப்.-போடு சேர்ந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின் சூத்திரப்படி 15,000-ஐ 26-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்து, மாதம் 5,571 ரூபாய் வரும் என்று பழைய டைரி ஒன்றில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். கைக்கு வந்த ஓய்வூதிய ஆணையிலோ நான்காயிரத்துக்கும் கீழேதான் இருக்கிறது. கணக்கில் பிழை உள்ளதா?

இன்னொரு கேள்வியும் உண்டு. குறைந்தபட்ச ஓய்வூதியத்தை 7,500 ரூபாயாக்கி அகவிலைப்படியும் சேர்த்துத் தர வேண்டும் என்று ஓய்வூதியர்கள் நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள். சம்பள உச்சவரம்பை, அதாவது ஓய்வூதியக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் அதிகபட்சச் சம்பளத்தை, உயர்த்துவதுதான் சரி என்று வேறு சிலர் சொல்கிறார்கள். என் தந்தையைப் போன்றவர்களுக்கு இவற்றில் எது உண்மையில் பயன் தரும்?

ஆலைக் கணக்கர்

அம்மா, ஆணையில் பிழை இருப்பதாகத் தோன்றவில்லை. சூத்திரம் உங்கள் தந்தை எழுதிவைத்ததுதான். ஆனால் 2014 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் பணிக்காலத்தை இரண்டாகப் பிரித்துவிட்டது. அந்தத் தேதிக்கு முந்தைய ஆண்டுகளுக்கு, ஒருவர் ஓய்வு பெறும்போது எவ்வளவு சம்பளம் வாங்கினாலும், 6,500 ரூபாய்க்கு மேல் கணக்கில் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். பிந்தைய ஆண்டுகளுக்குத்தான் 15,000. அதன்படி முதல் 14 ஆண்டுகளுக்கு 1,300 ரூபாய். மீதிப் பத்து ஆண்டுகளோடு சலுகை ஆண்டுகள் இரண்டையும் சேர்த்துக்கொண்டாலும் 2,571 ரூபாய். ஆக மொத்தம் 3,871. உங்களுக்கு வந்த தொகை இதையொட்டித்தான் இருக்கும் என நினைக்கிறேன்.

70-ஆல் வகுப்பதைப் பார்த்துவிட்டு, சூத்திரமே தொழிலாளிக்கு எதிரானது என்று பலர் சொல்வார்கள். அப்படியில்லை. 35 ஆண்டு உழைத்தவருக்கு 35-ஐ 70-ஆல் வகுத்தால் சம்பளத்தில் பாதி கிடைக்கும். அரசு ஊழியரின் பழைய ஓய்வூதியம் தந்ததும் அதே பாதிதான். குறை, அந்தச் சூத்திரத்துக்குள் எந்தச் சம்பளத்தைப் போடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. 1995 நவம்பர் 16 அன்று திட்டம் தொடங்கியபோது உச்சவரம்பு 5,000, 2001-இல் 6,500, அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் அசையாமல் கிடந்து 2014-இல் ஒரே தாவலில் 15,000. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈஎஸ்ஐ-யின் சம்பள வரம்பு 2017-லேயே 21,000 ஆகிவிட்டதை நினைத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை தாவுவதால்தான், பழைய ஆண்டுகளுக்கும் புதிய வரம்பைக் கொடுத்தால் நிதி தாங்காது என்று பணிக்காலத்தைப் பிளக்க வேண்டியதாகிறது. ஆண்டுதோறும் சம்பள உயர்வை ஒட்டிச் சிறிது சிறிதாக உயர்த்தி வந்திருந்தால் பங்களிப்பும் கூடவே உயர்ந்திருக்கும், இந்தப் பிளவுக்கும் வேலை இருந்திருக்காது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. நாளைக்கே உச்சவரம்பை 25,000 ஆக்கினாலும், 2014-இல் செய்தபடியே பிரித்தால், ஓய்வுக்கு ஓரிரு ஆண்டுகளே மீதமுள்ளவருக்கு மிகச் சொற்பமாகத்தான் கூடும். ஏற்கெனவே ஓய்வு பெற்ற உங்கள் தந்தைக்கு ஒரு ரூபாய்கூட உயராது.

பனியன் நகரத்தான்

திருப்பூரில் குறைந்தபட்ச ஓய்வூதியம்வரைகூட வராதவர்கள்தான் ஏராளம். ஒரு கம்பெனியில் மூன்று ஆண்டு, அடுத்ததில் இரண்டு ஆண்டு என்று மாறும்போதெல்லாம் பணம் எடுப்பதற்கான 10-சி படிவம் கொடுத்து ஓய்வூதியப் பணத்தையும் எடுத்துவிடுகிறார்கள். அந்த ஆண்டுகள் அத்தோடு கணக்கிலிருந்து போய்விடுகின்றன. பணத்தை எடுக்காமல் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்தால் பணிக்காலம் அப்படியே தொடரும், பத்து ஆண்டு நிறைந்தால் மாத ஓய்வூதிய உரிமை வரும் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அவ்வாறு பணம் எடுப்பதற்கான காத்திருப்பை இரண்டு மாதத்திலிருந்து 36 மாதமாக்க 2025 அக்டோபரில் பி.எஃப். அமைப்பை நிர்வகிக்கும் மத்திய அறங்காவலர் குழு முடிவு செய்தபோது இங்கே பலருக்குக் கோபம். வேலையில்லாமல் இருப்பவருக்கு வாடகை கட்ட வேறு வழி இல்லாதபோது அந்தக் கோபத்தையும் குறை சொல்ல முடியவில்லை.

வரவு செலவு

கேட்பது எளிது, பணம் எங்கிருந்து வரும் என்பதையும் பேச வேண்டும். இத்திட்டத்தில் தொழிலாளி சம்பளத்திலிருந்து பி.எஃப்.-க்குக் கட்டும் 12 சதவீதத்திலிருந்து ஒரு காசும் ஓய்வூதியத்துக்குப் போவதில்லை. முதலாளி தரும் 12-இல் 8.33 சதவீதமும், மத்திய அரசு தரும் 1.16 சதவீதமும்தான் வரவு. 15,000 ரூபாய் வரம்பில் இது மாதம் ஏறத்தாழ 1,424 ரூபாய். மத்திய அரசு ஊழியருக்கு 2025 ஏப்ரலில் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைப் பாருங்கள்: 25 ஆண்டு பணிக்குப் பாதிச் சம்பளம், விலைவாசிக்கு ஏற்ற உயர்வு. அதற்கு ஊழியர் 10 சதவீதம் கட்டுகிறார், அரசு 18.5 சதவீதம் போடுகிறது. 28.5 சதவீதத்தில் நடக்கும் வாக்குறுதியை 9.49 சதவீதத்தில் எதிர்பார்ப்பது நியாயமா?

ஆலைக் கணக்கர்

இன்று வேலையில் இருப்பவர்களைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. அவர்களிடம் கூடுதல் பங்களிப்பு கேட்கலாம், தங்கள் 12 சதவீதத்தில் ஒரு பகுதியை ஓய்வூதியத்துக்கு மாற்றிக்கொள்ளும் விருப்ப உரிமையும் தரலாம். ஆனால் ஓய்வு பெற்றுவிட்டவரிடம் இனி என்ன பிடிக்க முடியும்? அவருடைய ஓய்வூதியத்துக்கு அகவிலைப்படி இல்லை. முதல் மாதம் வந்த தொகைதான் கடைசி மாதமும் வரும். குறைந்தபட்சத்தை 3,000 ரூபாயாக்க வேண்டும் என்று கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவைக் குழு 2013-லேயே பரிந்துரைத்தது. 2014-இல் நிர்ணயித்ததோ 1,000. தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை, பங்களிப்பு எதுவும் இல்லாமலே, 2023-இல் 1,200 ஆனது. ஆகவே ஓய்வு பெற்றவர்களுக்கான உயர்வு பட்ஜெட்டிலிருந்துதான் வர வேண்டும். வேலையில் இருப்பவர்களுக்கானது பங்களிப்பிலிருந்து வரட்டும். இரண்டையும் ஒரே கோரிக்கையாகக் கட்டிக் கேட்பதால்தான் நிதியைக் காரணம் காட்டி இரண்டையும் மறுக்க முடிகிறது.

பல்லடம் மகள்

மிக்க நன்றி ஐயா. உச்சவரம்பைத் தாண்டிய உண்மைச் சம்பளத்தின்படி தரும் உயர் ஓய்வூதியம் பற்றிய 2022 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தந்தைக்குப் பொருந்துமா? ஆலை உச்சவரம்பு வரைதான் பி.எஃப். கட்டியது.

ஆலைக் கணக்கர்

அப்படியானால் பொருந்தாது அம்மா. உண்மைச் சம்பளத்தின் மீது பி.எஃப். கட்டியவர்களுக்கே அந்த வழி இருந்தது. இப்போது நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஓய்வூதிய ஆணையில் உங்கள் தாயாரின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். தந்தைக்குப் பின் அவருக்குப் பாதி ஓய்வூதியம் உண்டு. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் திருத்தத்துக்கு அலைய வேண்டியிருக்கும், அதைத் தந்தை இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது.