ஆரஞ்சுக்கு இரண்டு சீட்டு: பாலியல் தேர்வை வகுப்பில் விளையாடிக் காட்டலாமா?

சிட்டு_டீச்சர்
பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பரிணாமப் பாடத்தில் 'இயற்கைத் தேர்வு' என்று கரும்பலகையில் எழுதியதுமே கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "எத்தனை மார்க்குக்கு டீச்சர்?" என்றான். 'பாலியல் தேர்வு' என்று எழுதினேன், சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது. மயில் தோகை வரை போகவே முடியவில்லை.

மறுநாள் பூப்போட்ட பழைய சேலை ஒன்றைக் கொண்டுபோய் மேசைமேல் விரித்தேன். சார்ட்டில் பொத்தான் அளவு வட்டங்கள் வெட்டி இருபது ஆண் கப்பி மீன்கள் (தொட்டியில் வளர்க்கிற குட்டி மீன்) செய்தோம். ஐந்து பளிச்சென்ற ஆரஞ்சு, பதினைந்து சேலையோடு கலந்துவிடும் பழுப்பு. ஒரு பிள்ளைதான் வேட்டை மீன். முதுகைக் காட்டி நின்று, சட்டென்று திரும்பி, கண்ணில் முதலில் படும் ஐந்தை எடுக்க வேண்டும். மிஞ்சியதன் விகிதத்திலேயே மறுபடி இருபதாக நிரப்பினோம். மற்ற மேசைகளில் வேட்டை மீன் கிடையாது, பெண் மீன் இணையைத் தேர்ந்தெடுக்கும், அதுதான் பாலியல் தேர்வு. அதற்குக் குலுக்கல்: ஒவ்வொரு ஆரஞ்சுக்கும் இரண்டு சீட்டு, பழுப்புக்கு ஒன்று. எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டு இருபது முறை எடுத்தால் அடுத்த தலைமுறை.

வேட்டை மேசையில் மூன்றாம் தலைமுறையிலேயே ஆரஞ்சு காலி. மற்றவற்றில் ஐந்தாவதில் பழுப்பைத் தேட வேண்டியிருந்தது. உயிரியலாளர் ஜான் எண்ட்லர் கரீபியன் தீவான டிரினிடாட்டின் ஓடைகளில் பார்த்ததும் இதுதானே? பைக் சிக்லிட் போன்ற பெரிய வேட்டை மீன் இருக்கும் பகுதியில் ஆண் கப்பிகள் மங்கல், அது ஏற முடியாத அருவிக்கு மேலே ஒரே பளபளப்பு. நாற்பது நிமிடத்தில் வகுப்புக்குப் புரிந்துவிட்டது. நீங்களும் செய்து பாருங்கள்.

ஏன்சார்_ஏன்
டீச்சர், உங்கள் உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆரஞ்சுக்கு இரண்டு சீட்டு போட்டது யார்? நீங்கள். அப்புறம் ஆரஞ்சு பெருகியதில் என்ன ஆச்சரியம்? பேப்பர் வெட்டாமலே சொல்லலாம்: 25 சதவீதத்தில் தொடங்கினால் அடுத்தடுத்த தலைமுறைகளில் 40, 57, 73, 84. பையில் வைத்ததைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுவது வித்தை. பிள்ளைகளோ "நிரூபித்துவிட்டோம்" என்று நினைத்து வீட்டுக்குப் போவார்கள்.

சிட்டு_டீச்சர்
வேட்டை மேசையில் நான் சீட்டே போடவில்லையே. கண் தானாக ஆரஞ்சைப் பிடித்தது.

ஏன்சார்_ஏன்
அதை ஒப்புக்கொள்கிறேன். அது நிஜமான சோதனை. சேலையை மாற்றினால் முடிவும் மாறும். ஆனால் அது இயற்கைத் தேர்வு. நீங்கள் சொல்லித்தர வந்த பாலியல் தேர்வுதான் வெறும் சீட்டாகப் போய்விட்டது.

கண்ணாடித்தொட்டி
நான் கொளத்தூரில் வண்ணமீன் வளர்க்கிறவன். காகிதம் எதற்கு டீச்சர்? நாலு தொட்டி, ஐம்பது கப்பி நான் தருகிறேன். உயிருள்ளதை வைத்தே காட்டுங்கள்.

யாழ்_உயிரியல்
அண்ணா, கடைக் கப்பியின் வாலையும் நிறத்தையும் தேர்ந்தெடுத்தது பெண் மீன் இல்லை, உங்களைப் போன்ற வளர்ப்பாளர்தான். அது செயற்கைத் தேர்வு. பிறகு காலம். எண்ட்லர் 1976இல் 200 கப்பிகளை வேட்டை மீன் மிகுந்த இடத்திலிருந்து எடுத்து, கப்பியே இல்லாத, ஆபத்துக் குறைந்த ஓர் ஓடையில் விட்டார். 23 மாதம், சுமார் 15 தலைமுறை கழித்துத்தான் ஆண்கள் பளிச்சென்று மாறியிருந்ததைக் கண்டார். பள்ளி வருடம் அவ்வளவு நீளமா? தயவுசெய்து, மிஞ்சின மீனை யாரும் குளத்தில் கொட்ட வேண்டாம்.

(எங்கள் பக்கம் பரிணாமத்துக்குக் 'கூர்ப்பு' என்றுதான் பெயர். மார்க் பகிடி எங்களுக்கும் உண்டு.)

கண்ணாடித்தொட்டி
சரி, நியாயம்தான். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆரஞ்சு நிறத் தீனி போட்டால் ஆண், பெண் என்றில்லை, எல்லாம் பாய்ந்து வரும். பெண்ணுக்கு ஆரஞ்சு பிடிக்கிறது என்கிறீர்கள், அது தின்கிற பழக்கத்திலிருந்து வந்ததாக இருக்கக் கூடாதா?

யாழ்_உயிரியல்
சும்மா சொல்லக் கூடாது, அண்ணா நேரே ஆய்வுக்கே வந்துவிட்டார். 2002இல் வெளியான ஓர் ஆய்வு இதையேதான் கேட்டது. டிரினிடாட் கப்பிகள், இரு பாலும், ஆரஞ்சு வில்லைகளைப் போய்க் கொத்தின. ஓடையில் விழும் ஆரஞ்சு நிறப் பழங்கள்மீது உள்ள ஆசையே இணை தேடும்போதும் கைகொடுத்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. டீச்சரின் விளையாட்டில் விருப்பம் வானத்திலிருந்து விழுகிறது. அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே எழவில்லை. விருப்பமும் நிறம் போலவே மரபாக இறங்கும், இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓடும் என்று மரபியலாளர் ரொனால்ட் ஃபிஷர் சொன்னதற்கும் இடமில்லை.

மூன்று_பிள்ளை_அப்பா
நடுவில் ஒரு பெற்றோர். என் மகள் படித்த ஒரு பள்ளியில் இதே பாடத்துக்குப் பையன்களுக்குக் காகிதத் தோகை கட்டிவிட்டு, பெண் பிள்ளைகளை எழுப்பித் 'தேர்ந்தெடு' என்றார்கள். யார் யாரைத் தொட்டார்கள் என்று ஆறு மாதம் கேலி. எவரும் தொடாத பையன் அறிவியல் வகுப்பு என்றாலே மட்டம் போட ஆரம்பித்தான். மீனை வைத்துச் செய்யுங்கள், மயிலை வைத்துச் செய்யுங்கள், பிள்ளைகளை வைத்துச் செய்யாதீர்கள்.

சிட்டு_டீச்சர்
சார், அந்தப் பயத்தில்தான் சீட்டுக்கே போனேன். என் வகுப்பில் யாரும் ஆண் மீனுமில்லை, பெண் மீனுமில்லை.

ஏன்சார்_ஏன்
இதில் டீச்சர் பக்கம்தான் நான்.

யாழ்_உயிரியல்
விளையாட்டுக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்லவேண்டும். பிள்ளைகளின் விடைத்தாளைப் பாருங்கள்: "மீன் பெண்ணைக் கவர நிறத்தை மாற்றிக்கொண்டது." அந்த 'கொண்டது' இருக்கிறதே, அதுதான் வினை. மீன் கண்ணாடி பார்த்துச் சாயம் பூசிக்கொண்ட மாதிரி. பாடப்புத்தகத்தில் 'தகவமைத்துக் கொள்கிறது' என்று படித்து வந்த பிள்ளையிடம் எத்தனை முறை வாயால் திருத்தினாலும் ஏறாது. சேலைமேல் ஒரு வட்டம்கூட நிறம் மாறவில்லை, விகிதம்தான் மாறியது. அதைக் கையால் எண்ணிப் பார்த்த பிள்ளைக்கு 'கொண்டது' எழுதக் கை கூசும்.

ஏன்சார்_ஏன்
நல்ல பாயின்ட். ஆனால் அதற்கு வேட்டை மேசையே போதும். பாலியல் தேர்வுக்கு நான் ஆப்பிரிக்கப் பறவையைச் சொல்வேன். கென்யாவில் நீளவால் விதவைப் பறவை என்று ஒன்று, ஆணின் வால் அரை மீட்டர். மால்டே ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் சில ஆண்களின் வாலைச் சுமார் 14 சென்டிமீட்டராக வெட்டினார். வெட்டியதை வேறு சில ஆண்களுக்குப் பசையால் ஒட்டி நீளமாக்கினார். இன்னும் சிலவற்றுக்கு வெட்டி, அதே வாலை அதே இடத்தில் திரும்ப ஒட்டினார். நீட்டிய வாலுள்ள ஆண்களின் எல்லைக்குள்தான் புதுக் கூடுகள் அதிகம் வந்தன. 1982இல் வெளியிட்டார்.

வகுப்பில் முடிவைச் சொல்லாமல் ஒரே கேள்வி கேளுங்கள்: வெட்டியதைத் திரும்ப ஒட்டுகிற வீண்வேலை எதற்கு? அதற்கு விடை கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு மீதிப் பாடம் தேவையே இல்லை.

மயிலை மட்டும் அவசரமாகத் தொடாதீர்கள். இங்கிலாந்தில் மேரியன் பெட்ரி 1991இல் தோகைக் கண்கள் அதிகமுள்ள ஆணுக்கே இணை அதிகம் என்றார். ஜப்பானில் ஏழு வருடம் கவனித்த ஒரு குழு 2008இல் அப்படித் தொடர்பே தெரியவில்லை என்றது. பாடத்தில் முடிந்த கதையாகச் சொல்வது ஆய்வில் முடியாத வழக்கு.

சிட்டு_டீச்சர்
வாலை ஒட்டிய கதை அருமை. ஆனால் அதுவும் நான் நின்று சொல்ல அவர்கள் உட்கார்ந்து கேட்கிற கதைதானே சார்? என் பிள்ளைகள் கை வைத்த பிறகுதான் கேள்வி கேட்கிறார்கள்.

பகடை
சாஃப்ட்வேர் ஆள். ஏன்சார் சொன்ன 40, 57, 73 எல்லாம் சராசரி. இருபதே மீன் என்றால் அப்படியே வராது. டீச்சர், எத்தனை குழு சீட்டு எடுத்தது? எல்லாக் குழுவிலும் முதல் சுற்றிலேயே ஆரஞ்சு கூடியதா?

சிட்டு_டீச்சர்
ஆறு குழு. ஒன்றில் ஐந்து நான்காகக் குறைந்தது. சீட்டைச் சரியாகக் குலுக்கவில்லை என்று நினைத்து மறுபடி செய்யச் சொன்னேன்.

பகடை
ஐயோ, அதுதானே பொக்கிஷம்! சீட்டு ஒழுங்காகக் குலுக்கியிருந்தாலும் இருபதுக்கு ஒரு தடவை அப்படி வரும். ஆறு குழு இருந்தால் யாராவது ஒருவருக்கு வரக் கால்வாசிக்கு மேல் வாய்ப்பு. பரிணாமத்தில் குருட்டு அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு என்பதை அந்தக் குழுதான் காட்டியது, நீங்கள் அழித்துவிட்டீர்கள்.

ஏன்சாரின் குறைக்கும் ஒரு வழி உண்டு. சீட்டு விகிதத்தை மறைத்துவிடுங்கள். சில குழுவுக்கு ஆரஞ்சுக்கு இரண்டு, சிலவற்றுக்குப் பழுப்புக்கு இரண்டு, சிலவற்றுக்குச் சமம். மூடிய பையில் கொடுங்கள், சரியான விடை கவரில் இருக்கட்டும். இருபது எடுப்புகளின் நிறத்தை மட்டும் பார்த்து, "எங்கள் பெண் மீனுக்கு விருப்பம் இருக்கிறதா, இல்லையா" என்று அவர்கள் வாதாடட்டும்.

ஏன்சார்_ஏன்
இது வேறு விளையாட்டு. இப்போதும் கப்பியைப் பற்றி ஒன்றும் நிரூபிக்காது. ஆனால் எண்ட்லர் எந்த இடத்தில் நின்றிருப்பார் என்று பிள்ளைக்குத் தெரியும். செய்யுங்கள்.

சிட்டு_டீச்சர்
வெள்ளிக்கிழமை செய்தேன். நாலு குழு சரியாகச் சொன்னது. ஒன்று "தெரியவில்லை" என்று எழுதிக் கொடுத்தது. கடைசிக் குழுவுக்குக் கொடுத்தது சமமான பை. அவர்கள் தங்கள் மீனுக்கு ஆரஞ்சுதான் உயிர் என்று சத்தியம் செய்கிறார்கள், தாளில் ஐந்து, ஏழு, பத்து, பதினொன்று என்று ஆதாரம் வேறு.

பகடை
மறுபடி செய்யச் சொன்னீர்களா?

சிட்டு_டீச்சர்
இல்லை. கவரையும் இன்னும் பிரிக்கவில்லை. திங்கட்கிழமை மற்ற ஐந்து குழுவும் அவர்களைக் குறுக்கு விசாரணை செய்கின்றன.