புதுப்பிப்பு: என்னைப் போலீஸ் நிறுத்தியது நிறம் பார்த்துத்தானா?

முன்கதை: போன மாதம் அமெரிக்காவில் இரவு வேலை முடிந்து காரில் திரும்பும்போது போலீஸ் நிறுத்தியது. பாதை மாறும்போது சிக்னல் போடவில்லை என்றார்கள். அப்புறம் எந்த நாடு, யாருடைய கார், உள்ளே என்ன என்று 20 நிமிடம் கேள்விகள். நான் சிக்னல் போட்டேன், நிறம் பார்த்துத்தான் நிறுத்தினார்கள் என்று இங்கே எழுதியிருந்தேன். "சிக்னல் போடாதது உங்கள் தப்புதானே" என்றீர்கள் பலர்.

போலீஸின் சட்டைக் கேமரா பதிவைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டேன். சரி, நான் சிக்னல் போடவில்லை. போட்டதாக எழுதியது தவறு.

ஆனால் கேள்வி அதோடு முடியவில்லை. 1996-ல் ரென் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது இது: விதிமீறல் உண்மையாக இருந்தால், அதிகாரியின் மனதில் வேறு நோக்கம் இருந்தாலும் நான்காவது திருத்தத்தின்படி (நியாயமில்லாமல் சோதனையிடுவதையும் பிடித்து வைப்பதையும் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தம்) நிறுத்தியது செல்லும். இனப் பாகுபாட்டை, சட்டம் எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும் என்கிற சமப் பாதுகாப்புப் பிரிவின் கீழ்தான் கேட்க வேண்டும். ஆக, நிறுத்தியது சட்டப்படி செல்லும் என்பதால் பாரபட்சமே இல்லை என்று ஆகிவிடாது.

இருட்டில் முகம் எப்படித் தெரிந்திருக்கும் என்று ஒருவர் கேட்டது நியாயம். நிறுத்தும்போது தெரிந்திருக்காது என்றே இப்போது நினைக்கிறேன். ஜன்னலை இறக்கிய பிறகு தெரிந்தது. பேச்சின் தொனி மாறியது அங்கேதான். பதிவில் 8-வது நிமிடத்தில் டிக்கெட் (விதிமீறல் சீட்டு) கையில் கொடுத்தாகிவிட்டது. மிச்ச 12 நிமிடமும் டிக்கியைப் பற்றிய கேள்விகள்தான். டிக்கெட் வேலை முடிந்த பிறகு, நியாயமான சந்தேகம் இல்லாமல் நிறுத்தி வைக்கக் கூடாது என்பது அதே உச்ச நீதிமன்றத்தின் 2015 ரோட்ரிகஸ் தீர்ப்பு. அந்த 12 நிமிடத்தைச் சொல்லித்தான் நேற்று புகார் கொடுத்தேன்.