செல்வி டிஸ்சார்ஜ் ஆன நாள்

குழு: வடக்குத் தெரு ஆறு பேரு

காலை 6:52

செல்வி: மதுர ஆஸ்பத்திரியில இன்னைக்கு டிஸ்சார்ஜ்னு சொல்லிட்டாங்க. பில்லு போட்டா 11 மணிக்குக் கிளம்பிருவோம்

மேரி: மாதாவே, நல்லது

மேரி: ஆனா இங்க தங்கச்சிமடத்துல காத்து சரியில்லடி

ராணி: எங்க வீட்டுக்கு வந்துரு. ராமநாதபுரத்தோட நில்லு

கதிஜா லாத்தா: அல்ஹம்துலில்லாஹ். தையல் எத்தனம்மா?

செல்வி: நாலு ஓட்டைதான் லாத்தா. பித்தப்பைய எடுத்து, உள்ள கெடந்த கல்ல டப்பாவுல போட்டுக் குடுத்துட்டாங்க. மொளகு சைசுல முப்பது இருக்கும்

ராணி: போட்டோ போடு

ஜெயா: போட்டுறாத. குவைத்துல நைட் டூட்டி, இப்பத்தான் சாப்பிட உக்காந்தேன்

ராணி: நர்ஸுக்கே குமட்டுதாம்

வசந்தா: அனைவருக்கும் காலை வணக்கம். செல்வி, கவனமாகப் படிக்கவும். பாம்பன் துறைமுகத்தில் நேற்று இரவே 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள். 1, 2 என்றால் புயல் தூரக் கடலில் இருக்கிறது என்று அர்த்தம். 3, 4 என்றால் நம் துறைமுகத்துக்கே எச்சரிக்கை. மதுரையிலிருந்து பரமக்குடி வரை நாலுவழிச் சாலை, பயமில்லை. அதற்குப் பிறகு சாலை குறுகும், சத்திரக்குடிப் பக்கம் காற்று குறுக்கே அடிக்கும். ராமநாதபுரம் தாண்டினால் உச்சிப்புளி, மண்டபம், அப்புறம் பாம்பன் பாலம். இருட்டுவதற்குள் பாலம் தாண்டிவிட வேண்டும். 2024 நவம்பர் 20ஐ மறக்க வேண்டாம். ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அன்றைக்கு தங்கச்சிமடத்தில் என் அம்மா வீட்டு அடுப்படியில் முழங்கால் தண்ணீர்.

மேரி: ம்

ராணி: ஓகே டீச்சர்

கதிஜா லாத்தா: கூண்டு எத்தன வரைக்கும் இருக்கு வசந்தா?

மேரி: லாத்தா கேக்காதீங்க

வசந்தா: 11 வரை. 11 என்றால் வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

ஜெயா: அப்ப மேரிக்கும் ராணிக்கும் நடுவுல பல வருஷமா 11தான்

ராணி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மேரி: நீக்குனாலும் படிச்சுட்டேன்

காலை 8:15

ராணி: வசந்தா இன்னைக்கு ஸ்கூல் லீவா? பேத்தி கேக்குது

வசந்தா: இன்னும் அறிவிப்பு வரவில்லை. நான் பள்ளியில்தான் இருக்கிறேன். பிள்ளைகள் நாலு பேர் வந்திருக்கிறார்கள்.

ராணி: டிவியில லீவுன்னு ஓடுதே

வசந்தா: அது தூத்துக்குடி.

செல்வி: ஒண்ணு சொல்லணும். யாரும் பயப்படாதீங்க. நேத்துலருந்து வலது தோள்பட்ட வலிக்குது. வயித்துல ஆபரேஷன் பண்ணுனா தோளு ஏன் வலிக்கணும்? இவரு ஹார்ட்டா இருக்குமோன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்துருக்காரு

ராணி: ஐயோ

மேரி: டாக்டர்ட்ட சொல்லு மொதல்ல

கதிஜா லாத்தா: யா அல்லாஹ்

ஜெயா: எல்லாரும் சும்மா இருங்க. ஓட்ட போட்டு பண்ற ஆபரேஷன்ல வயித்துக்குள்ள கேஸ் ஏத்தி உப்ப வச்சுத்தான் பண்ணுவாங்க. அந்தக் கேஸ் கொஞ்சம் உள்ள தங்கி, நெஞ்சுக்குக் கீழ இருக்குற மூச்சுத் தசைய உறுத்தும். அந்த வலி தோள்ல தெரியும். ரெண்டு மூணு நாள்ல தானா போயிரும். சும்மா படுத்துக் கெடக்காம வராண்டாவுல நட. ஆனா மூச்சு முட்டுச்சுன்னா, வேர்த்துச்சுன்னா, நெஞ்ச அமுக்குச்சுன்னா உடனே டியூட்டி டாக்டரக் கூப்பிடு

செல்வி: மூச்செல்லாம் நல்லாருக்கு. அப்ப கேஸுதான்

ராணி: அண்ணனுக்குத்தான் ஹார்ட்டு போல

ஜெயா: கார்ல வரும்போது பெல்ட்டுக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு தலகாணி வச்சுக்க. குழியில விழுந்தாலும், இருமுனாலும் தலகாணிய அமுக்கிப் பிடி. மணிக்கொரு தரம் எறங்கி நாலு எட்டு நட

மேரி: மழையில எறங்கி நடக்குறதா

ஜெயா: டீக்கடையில நட

காலை 9:40

ராணி: ரயில்ல வந்தா என்ன? ஆட்டமே இருக்காது

மேரி: ரயிலு இன்னைக்கு ராமநாதபுரத்தோட நிக்குதாம். எங்க வீட்டுக்காரரு சொன்னாரு

வசந்தா: காற்று வேகம் கூடினால் பாலத்தில் ரயிலை விட மாட்டார்கள். பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினாலே சிக்னல் விழாது. 1988இல் ரோட்டுப் பாலம் திறக்கும்வரை ரயில் நின்றால் தீவே நின்றுவிடும். அப்போது நாம் பத்தாவது.

கதிஜா லாத்தா: என் மூத்தவன் 86. பிரசவத்துக்கு உம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். ராத்திரி வலி எடுத்துருச்சு, ரயில் இல்ல. மேரி வாப்பாதான் வள்ளத்துல மண்டபம் கொண்டு போனாரு. வழியெல்லாம் நான் கத்துறேன், அவரு ஏலேலோ பாடுறாரு

மேரி: அப்பா கடைசி வரைக்கும் அதச் சொல்லுவாரு. உங்க மகன் எங்க படகுலயே பொறந்துருவான்னு பயந்தாராம்

கதிஜா லாத்தா: பொறந்திருந்தா படகுல பங்கு கேட்டிருப்பான், இவன் சுபாவத்துக்கு

காலை 10:30

செல்வி: ஒரு உதவி. தங்கச்சிமடத்துல கரண்டு போயிருச்சாமே. அத்தையோட இன்சுலின் பிரிட்ஜுல இருக்கு. எனக்கு வயித்த விட அந்த நெனப்புதான்

மேரி: காலம்பற 5 மணிக்கே போயிருச்சு. இப்பவே போயிப் பாக்குறேன்

ராணி: ஐஸ் கம்பெனியில ஐஸு வாங்கி அதுல வச்சுரு

ஜெயா: ஐஸ்ல வைக்கவே வைக்காதீங்க! உறைஞ்சுபோனா அந்த மருந்து வீண். ஊசி போட்டுக்கிட்டு இருக்குற பாட்டிலு வெயில் படாத எடத்துல இருந்தா நாலு வாரம் வரைக்கும் தாங்கும். ஒடைக்காத புதுப் பாட்டில மட்டும் பாலித்தீன் பையில கட்டி மண்பானையில வையி

மேரி: பானையில தண்ணி ஊத்தவா

ஜெயா: மணலப் போட்டு ஈரமாக்கு. நடுவுல சின்னச் சட்டி, அதுக்குள்ள மருந்து. மேல ஈரத்துணி

மேரி: மணலுக்கா பஞ்சம்

மேரி: குரல் பதிவு 1:47

வசந்தா: எழுதிப் போடுடி. வகுப்பில் இருக்கிறேன்.

ராணி: நாலு பிள்ளைக்கா

மேரி: வச்சாச்சுன்னு சொன்னேன். அத்தை கஞ்சி குடிச்சுருச்சு. ‘மருமக எப்ப வருவா, வந்து வெளக்கேத்தணும்’னு கேட்டுக்கிட்டே இருக்கு. ராணி வீட்டுல தங்கப் போறான்னு நான் சொல்லல

ராணி: சொன்னா என்ன? நான் என்ன சத்திரமா நடத்துறேன்

மேரி: நீ நடத்துனா எங்களுக்கெல்லாம் எங்க தெரியும். கல்யாணப் பத்திரிகையே வாட்ஸ்அப்ல வாங்குனவ நான்

கதிஜா லாத்தா: இந்தா ஆரம்பிச்சாச்சு

ராணி: கொரோனா நேரம்டி அது

மேரி: உங்க கொழுந்தனாரு வீட்டுக்கு மட்டும் தாம்பாளத்தோட போனீங்களே, அங்க கொரோனா இல்லையோ

ஜெயா: செல்விக்கு என்ன சமைக்கிறது, அதப் பேசுங்க

பகல் 12:20

செல்வி: கிளம்பிட்டோம். அண்ணன் மகன்தான் ஓட்டுறான். தலகாணி வாங்கியாச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல 250 ரூவா

ராணி: கொள்ளை

மேரி: பால்சுறா கெடச்சா புட்டு பண்ணித் தந்துருவேன். உடம்பு தேறிரும்

ஜெயா: அவளுக்குப் பித்தப்பை போயிருக்கு, பிள்ளையா பெத்துருக்கா

மேரி: எதுக்குமே அதுதான் நல்லது. அவிச்சு, தோல உரிச்சு, உதிர்த்துப் பிழிஞ்சு, பூண்டு நெறைய. எண்ணெய் ஒரு கரண்டிகூட வேணாம்

ஜெயா: எண்ணெய் கம்மின்னா சரிதான். பித்தப்பை இல்லாம கொழுப்பு செரிக்க உடம்புக்குக் கொஞ்ச நாள் ஆகும். ரெண்டு மூணு வாரம் பொரியல், தேங்காப்பாலு, பரோட்டா கெடையாது. கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு வேளை சாப்பிடணும்

மேரி: பேசி என்ன. மூணு நாளா கடலுக்குப் போக டோக்கன் குடுக்கல, ஒரு படகும் போகல. கடைத்தெருவுல வெளியூரு ஐஸ் மீனுதான். கண்ணப் பாத்தாலே தெரியுது, அது என்னையப் பாக்கவே இல்ல

கதிஜா லாத்தா: மீனு வேணாம். நான் புளியாணம் வச்சுத் தரேன். காய்ச்சாத புளித்தண்ணி, வெங்காயம், சீரகம், ரெண்டு மொளகா. வாய்க்கு ருசி வந்துரும். கூட கொழஞ்ச சோறு

ராணி: கீழக்கரையிலருந்து யாரு கொண்டு வர்றது

கதிஜா லாத்தா: மகன் ராமநாதபுரம் வரத்தான் செய்றான்

வசந்தா: குண்டு மிளகாய் சேர்க்கவும். நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. காரம் மட்டாக, நிறம் நன்றாக இருக்கும்.

ஜெயா: எந்தக் குறியீடா இருந்தாலும் ஒரு வாரத்துக்கு காரம் வேணாம்

கதிஜா லாத்தா: கிள்ளாம முழுசாப் போட்டு எடுத்துர்றேன்மா

பகல் 2:05

ராணி: வீடியோ. பலமுறை பகிரப்பட்டது

ராணி: பாலத்துல அலை ஏறி அடிக்குது. வண்டி எல்லாம் நிப்பாட்டிட்டாங்களாம்!!!

செல்வி: ஐயோ

கதிஜா லாத்தா: செல்வி திரும்பிப் போயிரு

மேரி: எங்க வீட்டுக்காரரு பாம்பன்லதான் படகு கட்டிக்கிட்டு நிக்கிறாரு. பாலத்துல பஸ்ஸு போகுது. பைக்குதான் ஆடுதாம்

வசந்தா: ராணி, வீடியோவை நன்றாகப் பார். பக்கத்தில் பழைய தூக்குப்பாலம் மட்டும் நிற்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தைக் காணவே இல்லை, தூண்கூட இல்லை. இது பல வருடத்துக்கு முந்தைய வீடியோ.

ஜெயா: டீச்சர்னா டீச்சர்தான்

ராணி: எனக்கு என் கொழுந்தனாரு அனுப்புனாரு

மேரி: தாம்பாளம் வாங்குனவரா

மாலை 4:10

செல்வி: சத்திரக்குடி தாண்டியாச்சு. வைப்பரு ஒரு பக்கம் வேலை செய்யல. முன்னால போற லாரி லைட்டப் பாத்துத்தான் வந்தான். ரோட்டோரத்துல ஒரு கருவேல மரம் சாஞ்சு கெடக்கு. இருமுனேன், தலகாணி காப்பாத்துச்சு. ஜெயா நீ நல்லாருப்ப

ஜெயா: தோளு?

செல்வி: பயத்துல மறந்தே போச்சு

ராணி: நேரா இங்க வா. இட்லி ஊத்தி வச்சுட்டேன்

மேரி: இன்னும் ஒண்ணரை மணி நேரம் வெளிச்சம் இருக்கு. ஒரே மூச்சுல வந்துரலாம்

வசந்தா: என் கருத்தில், வைப்பர் இல்லாமல் பாலத்துக்கு வரக் கூடாது. 2020இல் புரெவிப் புயல் வருகிறது வருகிறது என்று பாம்பனே காலி செய்தோம். அது மன்னார் வளைகுடாவிலேயே படுத்து வலுவிழந்துவிட்டது. இதுவும் அப்படி ஆகலாம், ஆகாமலும் போகலாம்.

மேரி: அப்ப என்னதான் சொல்ற

வசந்தா: இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு என்கிறேன்.

செல்வி: டீ குடிக்க மட்டும் ராணி வீட்டுல எறங்குறோம். குடிச்சுட்டுக் கிளம்பிருவோம்

மேரி: ம்

இரவு 7:35

ராணி: படம்

ராணி: பஞ்சு மாதிரி இட்லி. லாத்தா மகன் புளியாணம் குடுத்துட்டுப் போயிட்டான். ரெண்டு இட்லி சாப்பிட்டா. இப்பத்தான் கண்ண மூடிருக்கா

கதிஜா லாத்தா: மாஷா அல்லாஹ்

மேரி: டீ குடிக்கப் போனவ

ராணி: மெக்கானிக்கு காலையிலதான் வருவானாம்

மேரி: ராணி

மேரி: அந்த இட்லிக் கொப்பரை

ராணி: என்ன

மேரி: மூடியில ஒரு ஓரம் நெளிஞ்சுருக்கு பாத்தியா. அது எங்க வீட்டுக் கொப்பரை. புரெவிக்கு எல்லாரும் செல்வி அம்மா வீட்டு மாடியில தங்கையில நான் கொண்டு வந்தது. அஞ்சு நாளா தேடுனேன். பள்ளிக்கூட முகாமுல போச்சுன்னு நெனச்சேன்

ராணி: எல்லார் வீட்டுலயும் இதே மாதிரிதான் இருக்கும்

மேரி: கைப்பிடிக்குக் கீழ தடவிப் பாரு. எங்கம்மா பேரு வெட்டியிருக்கும்

இரவு 7:52

ஜெயா: ராணி?

கதிஜா லாத்தா: லைட்டப் போட்டுப் பாரும்மா

இரவு 8:04

ராணி: அந்தோணியம்மாள்னு இருக்கு

ஜெயா: ஹாஹாஹாஹா

வசந்தா: புரெவி 2020 டிசம்பர். அப்படியானால் கணக்குப்படி

மேரி: கணக்குப் போடாத வசந்தா

ராணி: தெரியாம வந்துருச்சு மேரி. சத்தியமா. சாமான் எல்லாம் ஒரே கோணியில கட்டிக்கிட்டு வந்தோம்ல

மேரி: செல்வி வர்ற வண்டியில அதுவும் வரணும்

ராணி: நானே கொண்டு வரேன். பத்திரிகையும் வைக்கணும். சின்னவளுக்கு தையில பேசியிருக்கோம். இன்னும் யாருட்டயும் சொல்லல

மேரி: தாம்பாளத்தோடவா

ராணி: கொப்பரையிலயே வச்சுக் கொண்டு வரேன் போதுமா

கதிஜா லாத்தா: தையிலயா? மாப்பிள்ள எந்த ஊரு?

ஜெயா: எனக்கு தையில லீவு கெடைக்காதே

வசந்தா: தேதி முடிவானதும் சொல்லவும். தேர்வு நேரம். மேலும் நாளை காலை கிளம்புவது பற்றி: 5:30 மணி நிலவரம் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். கூண்டை இறக்கினால்

ராணி: மாப்பிள்ள தொண்டி லாத்தா. தனியா போன் பண்றேன்

இரவு 10:18

செல்வி: இப்பத்தான் முழிச்சேன். என்ன இத்தன மெசேஜு. நாளைக்குக் கிளம்புறதா இல்லையா?

வசந்தா: 5:30க்குப் பார்ப்போம்.

ராணி: ரெண்டு நாளு இருந்துட்டுப் போகட்டும்

மேரி: உங்க அத்தை வெளக்க ஏத்தாமயே வச்சுருக்கு. நீ வந்துதான் ஏத்தணுமாம்

செல்வி: கரண்டு வந்துச்சா? பானையப் பாத்தியா மேரி

மேரி: வரல. எட்டு மணிக்கு ஒருக்கா தண்ணி தெளிச்சேன். திரும்பப் போறேன் இரு