டைப் 1 சர்க்கரை: ஆபீஸில் சொல்வதா, வேண்டாமா?

சோழிங்கநல்லூர்வாசி:
வணக்கம். பள்ளிக் காலத்திலிருந்தே எனக்கு டைப் 1, அதாவது உடம்பில் இன்சுலின் சுரக்காத சர்க்கரை நோய், தினமும் ஊசியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். வங்கி மென்பொருளுக்கு ப்ரொடக்‌ஷன் சப்போர்ட் பார்க்கிறேன், ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் கோளாறு வந்தால் சரிசெய்யும் வேலை. வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். போன ரிலீஸ் இரவில், புது வெர்ஷனை ஏற்றும்போது, பேமெண்ட் நின்றுபோய் எல்லாரையும் ஒரே கான்ஃபரன்ஸ் காலில் போட்டுவிட்டார்கள். டென்ஷனில் சுகர் 280 போக, அதை இறக்க ஒரு டோஸ் இன்சுலின் போட்டுக்கொண்டேன். கான்ஃபரன்ஸ் கால் முடியாமல் இழுத்துக்கொண்டே போனது, சாப்பாட்டுப் பை பிரிக்காமலே கிடந்தது. ஒரு கட்டத்தில் திரையில் இருந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், எதுவும் ஏறவில்லை. சட்டை நனைந்துவிட்டது. உடம்பில் ஒட்டியிருக்கும் சுகர் சென்சாரில் 52. "என்ன, தூங்குறீங்களா?" என்று மேனேஜர் எல்லார் முன்பும் கேட்டார். ஆபீஸில் ஒருவருக்கும் என் நோய் தெரியாது. சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன், வீட்டில் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வைகைக்கரை:
சொல்லாதீர்கள் நண்பரே. நானும் டைப் 1தான், முன்பு இருந்த கம்பெனியில் சொன்னவன். யாரும் முகம் சுளிக்கவில்லை, ரொம்ப அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். "உனக்கு எதுக்குப்பா ஸ்ட்ரெஸ்" என்று கிளையண்ட் கால்களிலிருந்து எடுத்தார்கள். ஆன்சைட், அதாவது கிளையண்டின் இடத்துக்கே அனுப்பும் பேச்சு வந்தபோது என்னிடம் கேட்கவே இல்லை. வருஷக் கடைசியில் அப்ரைசலில் "பெரிய பொறுப்புகள் எடுக்கவில்லை" என்று எழுதினார்கள். கொடுக்காத பொறுப்பை எப்படி எடுப்பது?

சட்டம் காப்பாற்றும் என்றும் நம்பவேண்டாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. தலசீமியா, ஹீமோஃபிலியா, மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் எல்லாம் உண்டு, டைப் 1 இல்லை. பிரிட்டனில் 2010 சமத்துவச் சட்டத்தைக் காட்டி, இன்சுலின் போடுபவர்கள் வேலையில் சில மாற்றங்களைக் கேட்க முடிகிறது. இங்கே எல்லாம் மேனேஜரின் மனசைப் பொறுத்தது.

பழைய_லீட்:
நான் மேனேஜர் பக்கத்து ஆள், பல வருஷம் டீம் நடத்தியிருக்கிறேன். வைகைக்கரை சொல்வது நடக்கும், மறுக்கவில்லை. சொல்லாதவருக்கு என்ன நடக்கும் என்பதையும் பாருங்கள். சுகர் இறங்கும்போது ஆள் எரிந்து விழுவார், கேட்டதற்குப் பதில் வராது, சொன்னதையே சொல்வார். பார்ப்பவருக்கு அது நோயாகத் தெரியாது. திமிர் என்பார், அலட்சியம் என்பார். நீங்கள் காரணம் சொல்லாவிட்டால் மேனேஜர் தானாகவே ஒரு காரணம் வைத்துக்கொள்வார். தம்பியின் மேனேஜர் ஏற்கெனவே வைத்துக்கொண்டாயிற்று.

வாசிம் அக்ரமுக்கு 1997-இல் டைப் 1 என்று தெரிந்தது, 2003 வரை சர்வதேசப் போட்டிகளில் வேகப்பந்து வீசினார். தெரசா மே தன் நோயை வெளியே சொன்ன பிறகுதான் பிரிட்டன் பிரதமரானார். சொன்னால் எல்லாம் போச்சு என்று ஏன் முடிவு கட்ட வேண்டும்?

வைகைக்கரை:
சார், அக்ரமுக்கு நோய் வந்தபோது அவர் 1992 உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். தெரசா மே அப்போது உள்துறை அமைச்சர். பெயர் வாங்கியவரை யாரும் ஓரங்கட்டமாட்டார்கள். வாரம் ஒரு ஷிஃப்டில் ஓடிக்கொண்டிருக்கும் பையனுக்கு அந்த உதாரணம் எப்படிப் பொருந்தும்?

வார்டு_நர்ஸ்:
நீங்கள் இரண்டு பேரும் அப்ரைசலையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 52 என்ற எண்ணைப் பாருங்கள். 70-க்குக் கீழே போனாலே லோ, 54-க்குக் கீழே ஆபத்து. அடிக்கடி லோ ஆகிறவருக்கு உடம்பு எச்சரிப்பதே குறைந்துவிடும். இன்றைக்கு வியர்த்தது, நாளைக்கு வியர்க்காமலே மயங்கலாம்.

டென்ஷனில் அட்ரினலினும் கார்ட்டிசாலும் சுகரை ஏற்றும். அதைப் பார்த்துப் போடும் வேக இன்சுலின் மூன்று நான்கு மணி நேரம் உடம்பில் வேலை செய்யும். டென்ஷன் அடங்கி, சாப்பாடும் உள்ளே போகாவிட்டால் சறுக்கத்தான் செய்யும். இந்த இரவுக்கு என்ன டோஸ் கணக்கு என்று உங்கள் டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள்.

அப்புறம், நீங்கள் மயங்கினால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்வார்? பதறி வாயில் தண்ணீர் ஊற்றுவார். இன்னொருவர் பையில் இன்சுலின் பென்னைப் பார்த்து, "சுகர்காரர் போல, ஊசி போடுங்க" என்பார். அந்த ஊசி சுகரை இன்னும் இறக்கி உயிரையே எடுத்துவிடும். நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். மேனேஜரிடம் சொல்வது உங்கள் இஷ்டம். பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

தாரணி_டெஸ்டிங்:
அக்கா, பக்கத்து சீட்டில் சொன்னால் அது அங்கேயே நிற்பதில்லை. நான் சொன்னது கேண்டீனுக்குப் போய், எனக்கு வரன் பேசிக்கொண்டிருந்த வீட்டுக்கே போய்விட்டது. அவர்களுடைய சொந்தக்காரர் எங்கள் கட்டடத்திலேயே வேலை பார்த்திருக்கிறார். அந்தச் சம்பந்தம் போனதில் எனக்கு வருத்தம் இல்லை, அப்பாவுக்கு இன்னும் இருக்கிறது. உங்கள் வீட்டில் "வேண்டாம்" என்பதற்குப் பின்னால் இந்த மாதிரி பயம்தான் இருக்கும், கோபப்படாதீர்கள்.

ஆனாலும் நான் மறைக்கச் சொல்லமாட்டேன். அதற்கு முன்னால் டாய்லெட்டில் நின்றுகொண்டு, பென் மூடியைப் பல்லில் கடித்தபடி, வெளியே யாரோ கதவைத் தட்ட, அவசரத்தில் வயிற்றில் குத்துவேன். எத்தனை யூனிட் திருப்பினேன் என்பதே சந்தேகமாக இருக்கும். இப்போது என் சீட்டிலேயே உட்கார்ந்து நிதானமாகப் போட்டுக்கொள்கிறேன்.

மயிலை_மாமா:
இவ்வளவு யோசனை எதற்கு? உடம்பு முக்கியம். அந்த வேலையை விட்டுவிட்டு நிம்மதியாக ஒரு அரசுத் தேர்வு எழுதுங்கள்.

சோழிங்கநல்லூர்வாசி:
மாமா, அக்கறைக்கு நன்றி. சென்சார் 14 நாளைக்கு ஒன்று, இரண்டு வாங்கினால் மாதம் பத்தாயிரத்தைத் தொடுகிறது. இன்சுலின், ஊசி தனி. ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் எங்கள் இன்ஷூரன்ஸ் பணம் தரும். இந்தச் சம்பளம் இருப்பதால்தான் வைத்தியமே ஓடுகிறது. இந்த வேலை எனக்குப் பிடிக்கவும் செய்கிறது.

பழைய_லீட்:
அப்படியென்றால் நோய்க் கதையைச் சுருக்கிக்கொண்டு, உங்களுக்கு வேண்டியதை நேராகக் கேளுங்கள். வாரம் மாறாத ஒரே ஷிஃப்ட். இரவு ஷிஃப்டாக இருந்தாலும் பரவாயில்லை, அது மாறாமல் இருந்தால் நீண்டநேர இன்சுலினையும் சாப்பாட்டையும் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிடலாம். பெரிய கான்ஃபரன்ஸ் கால் ஓடும்போது பத்து நிமிடம் உங்கள் இடத்தைப் பிடிக்க ஒருவர். டாக்டர் கடிதத்தோடு இதை மெயிலில் கேளுங்கள். வாயால் சொன்னது அடுத்த மேனேஜர் வந்ததும் காணாமல் போய்விடும்.

வைகைக்கரை:
மெயில் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேனேஜருக்கு வேண்டாம், எச்.ஆருக்குப் போகட்டும். நோயின் பெயரைப் போடாமல் "மருத்துவக் காரணம்" என்று மட்டும் எழுதுங்கள். அதுவும் இந்த அப்ரைசல் முடிந்த பிறகு.

வார்டு_நர்ஸ்:
அப்ரைசல் முடியும்வரை சுகர் காத்திருக்குமா தம்பி? அதற்குள் இன்னொரு ரிலீஸ் இரவு வந்துவிடும்.

சோழிங்கநல்லூர்வாசி:
அடுத்த ரிலீஸ் இந்த மாதக் கடைசியில் வருகிறது. அதனால் பக்கத்து சீட்டு நண்பனிடம் நாளைக்கே சொல்லி, சர்க்கரை டப்பா எந்த டிராயரில் இருக்கிறது என்று காட்டிவிடுகிறேன். டாக்டரிடம் கடிதம் கேட்டிருக்கிறேன். மெயில் மேனேஜருக்கும் எச்.ஆருக்கும் சேர்ந்தே போகும், டைப் 1 என்று பெயர் சொல்லியே எழுதப் போகிறேன். வெறும் "மருத்துவக் காரணம்" என்றால் ஆளுக்கொரு நோயை எனக்கு வைத்துவிடுவார்கள்.

வைகைக்கரை:
பெயர் போடுவது எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை. போடுவதென்று முடிவு செய்துவிட்டால், கிளையண்ட் கால்களிலிருந்து என்னை எடுக்க வேண்டாம் என்ற வரியையும் அதே மெயிலில் சேருங்கள். நாளைக்கு உங்கள் நன்மைக்காக என்று சொல்லி எடுத்தால், நீங்கள் கேட்டு எடுக்கவில்லை என்று காட்ட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.