இரு சேனல் ஸ்டீரியோவில் சப்வூஃபர் சேர்ப்பது எப்படி?

கேள்வி

ஐந்தங்குல வூஃபர் கொண்ட ஒரு ஜோடி புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்களைப் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்றில் இணைத்துக் கேட்டு வருகிறேன். கர்நாடகக் கச்சேரிப் பதிவுகளில் குரலும் வயலினும் குறையின்றி ஒலிக்கின்றன. மிருதங்கத்தின் கும்கிதான் (இடப்பக்கத்தில் எழும் ஆழ்ந்த ஒலி) மெலிந்து கேட்கிறது. ஜாஸ் பதிவுகளில் டபுள் பாஸின் கீழ்த் தந்தி ஏறக்குறைய காணாமலே போய்விடுகிறது. ஆம்ப்ளிஃபயரில் சப்வூஃபருக்கென்று (ஆழ்ந்த ஒலிகளுக்கான தனி ஸ்பீக்கர்) தனி அவுட்புட் கிடையாது. அதை மாற்றாமல் சப்வூஃபர் ஒன்றைச் சேர்க்க முடியுமா? அறை 14 அடி நீளமும் 11 அடி அகலமும் உடையது. திரையரங்கைப் போல் வீடு அதிர வேண்டும் என்பது என் நோக்கமன்று.

பதில் 1

மாற்ற வேண்டியதில்லை. ஸ்பீக்கர் ஒயரையே நேரடியாக ஏற்கும் ‘ஹை லெவல்’ இன்புட் உள்ள, தனக்கென்று ஆம்ப்ளிஃபயர் கொண்ட சப்வூஃபரைத் தேர்ந்தெடுங்கள். சப்வூஃபர் தயாரிக்கும் ரெல் நிறுவனம் பரிந்துரைப்பது இந்த முறையைத்தான். ஸ்பீக்கர் இணைந்துள்ள அதே முனைகளிலிருந்து இன்னொரு ஒயரைச் சப்வூஃபருக்குக் கொண்டுசென்றால் போதும். அந்த இன்புட்டின் மின்மறுப்பு (மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) மிக அதிகம் என்பதால் ஆம்ப்ளிஃபயருக்குக் கூடுதல் சுமை ஏற்படாது; வால்யூமைத் திருப்பும்போது சப்வூஃபரும் உடன் ஏறி இறங்கும்.

ஆனால் பல டி வகுப்பு (சுவிட்ச் முறையில் இயங்கும்) ஆம்ப்ளிஃபயர்களிலும், ஒரே ஸ்பீக்கரை இரு சுற்றுகள் சேர்ந்து இயக்கும் பிரிட்ஜ் முறையிலானவற்றிலும் ஸ்பீக்கருக்கான கறுப்பு முனை கிரவுண்டோடு (பொதுத் தரை இணைப்பு) சேர்ந்திருக்காது. அங்கே சப்வூஃபரின் கிரவுண்ட் ஒயரை மாட்டினால் ஆம்ப்ளிஃபயர் பழுதாகக்கூடும். இரண்டின் கையேடுகளையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

பதில் 2

இணைப்பு எளிது, இடம் பார்ப்பதுதான் பெரும்பாடு. டபுள் பாஸின் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் என்பதால், உங்கள் அறையின் நீளவாக்கில், எதிரெதிர்ச் சுவர்களில் ஒலி பட்டுத் திரும்புவதால் எழும் முதல் நிலையலையும் ஏறக்குறைய 40 ஹெர்ட்ஸிலேயே அமைகிறது. அதாவது, நீங்கள் தேடும் அதே சுரம் சுவரோரத்தில் அளவு மீறிப் பொங்கும். அறையின் நடுவில் வற்றிவிடும். ஆகவே நாற்காலியை நீளவாக்கில் சரிநடுவில் போடாதீர்கள்.

சப்வூஃபரைத் தற்காலிகமாக நாற்காலி இருக்கும் இடத்தில் வைத்து, பாஸ் சுரங்கள் ஏறி இறங்கும் பதிவொன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். வீட்டார் சிரிப்பார்கள், இருந்தாலும், சுரங்கள் அனைத்தும் ஒரே அளவில் கேட்கும் இடத்தை அளவீட்டுக் கருவியின்றிக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. மூலையில் வைத்தால் ஒலி மிகும், கூடவே குழப்பமும் மிகும்.

பதில் 3

செலவிடும் முன் ஸ்பீக்கர்களைப் பின்சுவரை நோக்கி ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள். கும்கிக்கு அதுவே போதலாம். 41 ஹெர்ட்ஸுக்குப் போதாது.

கேட்டவர்

நகர்த்தியதில் கும்கி ஓரளவு தேறியது. டபுள் பாஸ் அப்படியேதான் இருக்கிறது. கையேட்டின்படி ஆம்ப்ளிஃபயரின் இரு கறுப்பு முனைகளும் கிரவுண்டோடு சேர்ந்தவை. சப்வூஃபரின் கிராஸ்ஓவரை (எந்த ஹெர்ட்ஸ் வரை அது ஒலிக்க வேண்டும் என்ற வரம்பு) எந்த அளவில் வைக்க வேண்டும்?

பதில் 2

ஹை லெவல் இணைப்பில் உங்கள் ஸ்பீக்கர்களுக்கு முழு ஒலியும் தொடர்ந்து செல்லும் என்பதால், அவை தளரும் இடத்தில்தான் சப்வூஃபர் தொடங்க வேண்டும். 50 ஹெர்ட்ஸில் ஆரம்பித்துச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். 80ஐத் தாண்டினால் ஆண்குரல் தடித்துவிடும். பின்பு, சப்வூஃபரின் ஒலியலையை ஸ்பீக்கர்களின் அலையோடு ஒத்திசைக்கும் ஃபேஸ் பொத்தானை 0, 180 பாகை என இரு நிலைகளிலும் வைத்துக் கேட்டு, பாஸ் நிறைவாக ஒலிக்கும் நிலையை வைத்துக்கொள்ளுங்கள். ஒலியளவைக் கடைசியாகத் தொடுங்கள்: சப்வூஃபர் தனியே இருப்பது காதுக்குத் தெரியத் தொடங்கியதும் சற்றுக் குறைத்துவிடுங்கள்.